இவ சம்பளத்த யாரு வாங்குறா?

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, முதன்முதலாக டிவி வந்தது கடைசிக் காம்பரா (அறை) சித்தப்பா வீட்டுக்குத்தான். சொந்தச் சித்தப்பா இல்லை. லயத்தில் எல்லாருக்கும் எல்லாரும் ஏதாவது ஒரு முறைதானே. அவருடைய மகன் கொழும்பில் சாப்பாட்டுக் கடை ஒன்றில் வேலை செய்தான். தீபாவளிக்கு வரும்போது உடுப்புப் பையோடு இரண்டு மூன்று வீடியோ கேசட்டும் கொண்டுவருவான். அதில் ஒன்று ரஜினி படமாக இருக்கும். இன்னொன்று ரெஸ்லிங்.

2000ஆம் ஆண்டு தீபாவளி. பொகவந்தலாவைப் பக்கம் அந்த வாரம் முழுக்க மழை. கறிச்சோறு சாப்பிட்ட கை காய்வதற்குள் சித்தப்பா வீட்டில் இருபது முப்பது பேர் சேர்ந்துவிட்டோம். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். ரெஸ்லிங்கில் அவருக்கு ஆர்வமெல்லாம் கிடையாது. என்னைத் தனியாக அந்தக் கூட்டத்தில் விட மனமில்லாமல் வந்திருந்தார்.

திரையில் ஒரு பெண். கறுப்பு உடுப்பு, நீளமான கறுத்த முடி, தேயிலைச் செடி வெட்டும் எங்கள் தோட்டத்துக் கவ்வாத்துக்காரர்களுக்குக்கூட இல்லாத தோள். பெயர் சைனா. எதிரே ஜெஃப் ஜாரெட் என்ற ஆள். பொம்பளைக்கு அடுப்படிதான் இடம் என்று மாதக்கணக்காக வாய்ப்பேச்சுப் பேசிக்கொண்டிருந்தவன். அதனால் அன்றைய சண்டைக்கு வீட்டுச் சாமான்தான் ஆயுதம் என்று வைத்திருந்தார்கள். மேடையைச் சுற்றி மாவு, முட்டை, சட்டி, பானை. கடைசியில் அவனுடைய கிற்றாராலேயே அவன் தலையில் ஒன்று போட்டு, மல்லாத்தி, மூன்று எண்ணும்வரை அமுக்கிப் பிடித்தாள் சைனா. ஆண்களுக்கென்றே இருந்த இன்டர்கான்டினென்டல் பட்டம் அவளுக்குப் போனது. அந்தப் பட்டத்தை வாங்கிய ஒரே பெண் இன்றுவரை அவள்தான்.

பெடியன்கள் கத்திய கத்தில் தகரம் அதிர்ந்தது. அம்மாயி இடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். முதலில் சொன்னது, "மாவ இப்பிடிக் கொட்டுறானுங்களே, பாவிங்க." கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, கூட்டத்தில் யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"ஏ புள்ள, இவ சம்பளத்த யாரு வாங்குறா?"

அவளேதான் வாங்குவாள் என்றேன். அம்மாயி நம்பவில்லை. வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு மழையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் அப்போது ரெஸ்லிங் காட் (படச்சீட்டு) விளையாட்டு பைத்தியமாகப் பரவியிருந்தது. ஒவ்வொரு காட்டிலும் ஒருவரின் படம். கீழே உயரம், நிறை, நெஞ்சளவு, கைச்சதை, தரவரிசை. உன் காட்டில் எது பெரிய எண்ணோ அதைச் சொல்லவேண்டும். எதிராளியின் எண் அதைவிடக் குறைந்தால் அவன் காட் உனக்கு. சைனா காட் யார் கைக்கு வந்தாலும் முகம் தொங்கிவிடும். நிறையைச் சொன்னாலும் தோல்வி, நெஞ்சளவைச் சொன்னாலும் தோல்வி. நான் வேண்டுமென்றே அதை வாங்கிவைத்துக்கொள்வேன்; ஒவ்வொரு முறையும் தோற்பேன். இந்தக் காட்டில் அளக்கிற சங்கதியே பிழை என்று எனக்குத் தோன்றும். எதை அளக்கவேண்டும் என்று மட்டும் சொல்லத் தெரியாது.

சைனாவைப் பற்றித்தான் எழுதலாம் என்று சில மாதங்களுக்கு முன்பு உட்கார்ந்தேன். இயற்பெயர் ஜோன் லாரர். நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டரில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய இலக்கியம் படித்தவர் என்பது எனக்குப் புதுச் செய்தி. 1997இல் இன்னொரு வீரருக்கு மெய்க்காவலராக மேடைக்கு வந்தார். 1999 ஜனவரியில் முப்பது பேர் மோதும் ராயல் ரம்பிளில் இறங்கிய முதல் பெண். 2001 முடிவதற்குள் அந்த ரெஸ்லிங்கை நடத்திய டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார். 2016 ஏப்ரலில், 46 வயதில், கலிபோர்னியாவில் தன் வீட்டில் இறந்து கிடந்தார். மூன்று வருடம் கழித்து அவரைக் கௌரவப் பட்டியலில் சேர்த்தார்கள், அதுவும் ஒரு குழுவோடு குழுவாக. படித்ததும் மனம் கனத்துப்போய் எழுதுவதை விட்டுவிட்டேன்.

ஆனால் அம்மாயியின் கேள்வி விடவில்லை. சைனாவுக்கு முன்னால் யார், அவருக்கும் முன்னால் யார் என்று பின்னோக்கித் தேடிக்கொண்டே போனதில் ஒரு பெயரில் வந்து நின்றேன். மில்ட்ரெட் பர்க்.

முதல் பெண் மல்யுத்த வீராங்கனை என்று அவரைச் சொல்லமுடியாது. அவர் பிறப்பதற்கு முன்பே கோரா லிவிங்ஸ்டன் போன்றவர்கள் அமெரிக்காவில் மோதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் பெண்கள் மல்யுத்தத்தைப் பார்க்க ஆட்கள் காசு கொடுத்து வரிசையில் நிற்பார்கள் என்பதை ஊர் ஊராகக் காட்டியவர் மில்ட்ரெட்தான்.

1915 ஆகஸ்ட் 5ஆம் திகதி, கென்சஸ் மாநிலத்தில் காஃபிவில் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்போது அவர் மில்ட்ரெட் பிளிஸ். பதினைந்து வயதிலேயே நியூ மெக்சிகோவில் கல்லப் என்ற ஊர்ப் பக்கம் சாப்பாட்டுத் தட்டு தூக்கும் வேலை. அங்கிருந்து தப்பித்தால் போதும் என்று ஒரு கல்யாணம். கணவனோடு கென்சஸ் சிற்றி வந்தார். அவன்தான் அவரை முதன்முதலாக ஒரு மல்யுத்தக் காட்சிக்குக் கூட்டிப்போனவன். அவன் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். மில்ட்ரெட் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது அவன் போய்விட்டான். மகன் பிறந்தான். அம்மா நடத்திய சாப்பாட்டுக் கடையில் மறுபடியும் தட்டு தூக்கினார்.

அந்தக் கடைக்குச் சாப்பிட வந்தவன்தான் பில்லி உல்ஃப். முன்னாள் மல்யுத்த வீரன், பயிற்சியும் கொடுப்பவன். (இந்த ஆளுக்கு 'அவர்' போட எனக்கு மனம் வரவில்லை. 'அவன்' என்றே எழுதிவிடுகிறேன்.) எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று மில்ட்ரெட் கேட்டார். ஐந்தடி இரண்டங்குல உயரம். அவன் சிரித்தான். அவர் விடவில்லை. தொல்லை தாங்காமல் ஒருநாள் தன்னிடம் பழகும் ஒரு பெடியனைக் கூப்பிட்டு, இவளைத் தூக்கி ஒரு போடு போடு, அதோடு ஆசை விட்டுப்போகட்டும் என்றான். பெடியன் தூக்குவதற்குள் மில்ட்ரெட் அவனைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

உல்ஃப் அந்த இடத்திலேயே கணக்குப் போட்டிருப்பான். பயிற்சி கொடுத்தான், கல்யாணமும் செய்துகொண்டான்.

ஹட்டன் மைதானத்துக்கு வரும் கார்னிவல் பார்த்தவர்களுக்கு அடுத்ததைச் சொல்வது சுலபம். மரணக் கிணறு, ராட்டினம், பஞ்சுமிட்டாய், வாசலில் மைக்கில் ஒருவன் தொண்டை கிழியக் கூப்பிடுவான். 1930களின் நடுவில் அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஊர் ஊராகப் போன அப்படியொரு கார்னிவலில்தான் மில்ட்ரெட் இறங்கினார். நாடே பஞ்சத்தில் கிடந்த காலம். மேடையில் ஒரு சின்ன உருவப் பெண். கிட்டத்தட்ட அவர் நிறையுள்ள எந்த ஆணும் மேலே வரலாம். பத்து நிமிடத்துக்குள் அவரை மல்லாத்திவிட்டால் 25 டாலர். அந்தக் காலத்தில் அது சின்னக் காசு இல்லை. விவசாயிகள் வந்தார்கள், ஆலைத் தொழிலாளர்கள் வந்தார்கள், காதலி முன்னால் மீசை முறுக்க வந்தவர்களும் இருந்திருப்பார்கள். இருநூறு ஆண்களுக்கு மேல் மோதி ஒரே ஒருமுறைதான் தோற்றார் என்று சொல்வார்கள். கார்னிவல்காரர்கள் வாயால் வந்த கணக்கு, கொஞ்சம் உப்புப் போட்டிருப்பார்கள். பாதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் நூறு பேர்!

1937இல் டென்னசி மாநிலத்துச் சட்டனூகாவில் கிளாரா மோர்ட்டென்சனைத் தோற்கடித்து உலகப் பட்டத்தைப் பிடித்தார். இடையில் ஒருமுறை கைமாறி மீண்டும் வந்தது. அதன்பிறகு 1950களின் நடுப்பகுதிவரை பெண்கள் மல்யுத்தம் என்றால் மில்ட்ரெட் பர்க்தான். வெள்ளை உடுப்பு, கல் பதித்து மினுங்கும் மேலங்கி, விரல் நிறைய நிஜ வைரம். 1940களில் வருடத்துக்கு 50,000 டாலர் அளவுக்குச் சம்பாதித்தார் என்று எழுதியிருக்கிறார்கள். பல மாநிலங்களில் பெண்கள் மோதுவதற்கே தடை இருந்த காலம் அது. நியூயார்க்கில் அந்தத் தடை 1972இல்தான் நீங்கியது.

இந்த இடத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். அதெல்லாம் பேசிவைத்துச் செய்கிற சண்டைதானே, அதில் என்ன சாதனை என்று.

என் பதில் காமன் கூத்து, சிவன் மன்மதனை எரித்த கதையைத் தோட்டத்தில் ஆடுவது. மாசி மாதம் கம்பம் நட்ட நாளிலிருந்து தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், மன்மதன் எரியத்தான் போகிறான். போன வருடமும் எரிந்தான், அடுத்த வருடமும் எரிவான். ஆனாலும் அந்த இரவில் ரதி ஒப்பாரி வைக்கும்போது குழந்தையை மடியில் போட்டபடி அழாத பெண் உண்டா? வேஷம் கட்டுகிறவன் விரதம் இருக்கிறான், விடிய விடிய ஆடுகிறான், கால் வீங்கிப்போகிறது. முடிவு தெரிந்ததால் அவன் கால் வலி பொய்யாகிவிடுமா? எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று லாவணியில் எதிரெதிராக உட்கார்ந்து வாதாடுவார்கள் அல்லவா, ரெஸ்லிங் நிஜமா பொய்யா என்ற வாதமும் எனக்கு அப்படித்தான். வாதாடுவது சுகம், தீராது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் சின்ன வயதில் பார்த்த காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டியது எப்போதும் ஓர் ஆண். பெண்கள் சுற்றி நின்று அழுதோம்.

சரி, பணம்.

உல்ஃப் மில்ட்ரெட்டின் கணவன் மட்டும் இல்லை. எந்த ஊரில், எந்த நாளில், யாரோடு மோதுவது, யார் ஜெயிப்பது, யாருக்கு எவ்வளவு என்று முடிவெடுப்பவனும் அவன்தான். அவர் புகழைப் பார்த்துப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸில் இருந்துகொண்டு நாடு முழுக்கப் பெண்கள் மல்யுத்தத்தையே கையில் வைத்திருந்தான். ஒவ்வொருத்தி வருமானத்திலும் பாதிவரை அவன் பங்கு. கார் அவனுடையது, விரலில் வைரம் அவனுக்கும் உண்டு. தன்னிடம் வேலை செய்யும் பெண்களோடு அவன் வைத்திருந்த தொடர்புகள் ஊரறிந்த விஷயம். குறையாகவே சொல்லவும் கூடாது. 1950களின் தொடக்கத்தில் பாப்ஸ் விங்கோ, எத்தல் ஜான்சன், மார்வா ஸ்காட் என்ற மூன்று கறுப்பினச் சகோதரிகளை மேடையேற்றியதும் அவன்தான். வெள்ளையருக்கு ஒரு பக்கம், கறுப்பருக்கு ஒரு பக்கம் என்று ஆசனம் போட்ட மண்டபங்களில் அந்தச் சகோதரிகள் மோதினார்கள். ஆனால் தோல் நிறம் எதுவானாலும் உல்ஃபின் பங்கு உல்ஃபுக்கு.

இதைப் படித்தபோது எனக்குக் கொலம்பஸ் தெரியவில்லை. எங்கள் தோட்டத்துச் சம்பள மேசைதான் தெரிந்தது.

நான் பிறப்பதற்கு முந்தைய கதை, அம்மா சொல்லிக் கேட்டது. அம்மாயி பதினான்கு வயதில் கொழுந்து எடுக்க மலைக்குப் போனவர். விடிய எழும்பி, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டினால் பொழுது சாயும்வரை நிற்பதுதான். மழை, அட்டை, சறுக்குகிற பாதை. கொழுந்தில் அவர் கை பட்டால் தெரியாது, அவ்வளவு வேகம் என்று இன்றைக்கும் பழைய ஆட்கள் சொல்வார்கள். ஆனால் சம்பளம் போடுகிற நாளில் மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்பது தாத்தா. இரண்டு பேர் சம்பளத்தையும் ஒரே கையில் வாங்குவார். அது பிழை என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை; எல்லா வீட்டிலும் அப்படித்தான். மேசையிலிருந்து லயத்துக்கு வரும் வழியில் தவறணை, அதாவது சாராயக் கடை, இருந்தது. வீட்டுக்கு வந்து சேருகிற காசு எவ்வளவு என்பது, தாத்தா அன்றைக்கு எத்தனை பேரைச் சந்தித்தார் என்பதைப் பொறுத்தது.

1984 ஏப்ரலில் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அந்த வருடம்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று வந்தது. அதுவரை ஒரே மலையில் வேலை செய்த பெண்ணுக்குக் குறைவு. சம்பளம் சமமானது. வாங்குகிற கை மாறவில்லை.

அதற்குப் பிறகு ஏதோ ஒரு மாதம் அம்மாயி நேராக மேசைக்குப் போய் நின்றார். என்ன நினைத்துப் போனார் என்று கடைசிவரை சொல்லவில்லை. கிளாக்கர் நிமிர்ந்து பார்த்து, "எங்க ஒன் வீட்டுக்காரன்?" என்றாராம்.

"அவரு பேருக்கு அவரு வரட்டுங்க. எம் பேருக்கு நான் வந்திருக்கேன்."

தோட்டத்தில் பேர் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இந்த வாக்கியத்தின் சுவை புரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒருநாள் வேலை முழுதாகக் கணக்கில் ஏறினால் ஒரு பேர். ஏறாவிட்டால் அரைப்பேர். பேர் இல்லையென்றால் நாள் இல்லை, சம்பளமும் இல்லை. அந்த மாதம் அம்மாயிக்குக் காசு கொடுக்கவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு வீட்டில் அடி விழுந்தது. அடுத்த மாதமும் போய் நின்றார். மூன்றாவது மாதம் கிளாக்கர் எதுவும் பேசாமல் எண்ணிக் கொடுத்துவிட்டாராம். அடி விழுந்ததை அம்மாயி ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும்.

மில்ட்ரெட்டுக்கும் அடி விழுந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான பேர் முன்னால் ஆம்பிளைகளைத் தூக்கிப் போட்டவருக்கு! பெண்ணுக்குப் பலம் போதாததால்தான் அடி வாங்குகிறாள் என்று யாராவது சொன்னால் இனி நான் இவர் கதையைச் சொல்வேன். 1951இல் கார் விபத்தில் பலத்த காயம். அடுத்த வருடம் விவாகரத்து. தொழிலை விட்டு விலகு என்று உல்ஃபுக்குப் பணமும் கொடுத்துப் பார்த்தார். அவன் வாங்கிக்கொண்டு விலகாமல் நின்றான். மல்யுத்த முதலாளிகள் சேர்ந்து 1948இல் தேசிய மல்யுத்தக் கூட்டணி என்று ஒரு சங்கம் அமைத்திருந்தார்கள். அதில் பெண்களுக்கு இடமில்லை. உல்ஃபுக்கு இருந்தது. பட்டம் மில்ட்ரெட் இடுப்பில், பேச்சுவார்த்தை நடக்கும் அறைக்குள் உல்ஃப். அப்புறம் எப்படி?

1954 ஆகஸ்ட் 20, அட்லாண்டா. எதிரே ஜூன் பையர்ஸ். உல்ஃபின் பிள்ளைகளில் ஒருத்தி என்றே சொல்லலாம். அவன் மகனைக் கட்டிய மருமகள். இந்த மோதல் மட்டும் பேசிவைத்தது இல்லை. இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லாததால் நிஜமாகவே மோதித் தீர்ப்பது என்று வந்துவிட்டது. மூன்று பிடியில் இரண்டு ஜெயித்தவருக்குப் பட்டம். மில்ட்ரெட்டுக்கு வயது 39. முழங்கால் பழுது. முதல் பிடியில் தோற்றார். இரண்டாவது பிடி போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. யாரும் யாரையும் மல்லாத்தமுடியவில்லை. நிஜ மல்யுத்தம் பார்க்க அழகாக இருக்காது. இருவர் இறுகக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்குவதுதான் அதில் பெரும்பகுதி. சனம் பொறுமை இழந்தது. அதிகாரிகள் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

மூன்றில் ஒன்று தோற்றார், ஒன்று முடியவில்லை. ஆகவே பட்டம் இன்னும் தன்னிடம்தான் என்று நினைத்துக்கொண்டு மில்ட்ரெட் மேடையை விட்டு இறங்கினார். பத்திரிகையில் வந்தது வேறு. ஜூன் பையர்ஸ் புதிய சாம்பியன்.

எங்கள் நிறுவை இடத்தில் இது தினமும் நடக்கும். நாளுக்கு இத்தனை கிலோ என்று ஒரு அளவு உண்டு. தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும். 18 கிலோ என்று வையுங்கள். அம்மாயி கூடையில் 19 கிலோ இருக்கும். ஈரத்துக்கு ஒரு கிலோ வெட்டு, சாக்குக்கு ஒரு கிலோ வெட்டு. கணக்கில் விழுவது 17. அரைப்பேர். உடம்பு முழுநாள் வேலை செய்தது, ஏட்டில் அரைநாள்தான். அட்லாண்டாவில் அதையே தலைகீழாகச் செய்தார்கள். அரைத் தோல்விக்கு முழுத் தோல்வி எழுதினார்கள். இரண்டு இடத்திலும் பேனா பிடித்தவன் வியர்க்கவில்லை.

அந்த 1954ஆம் வருடம் ஏதோ விசேஷமான வருடம்போல. மே மாதம் இந்தியாவின் பரோடாவில் ஹமீதா பானு என்ற பெண், பாபா பயில்வானை ஒரு நிமிடம் முப்பத்து நான்கு விநாடியில் தோற்கடித்தார். என்னை ஜெயிக்கிறவனைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சவால் விட்டு ஊர் ஊராக மோதியவர். அலிகார்க்காரி என்று பெயர் வாங்கியவர். ஐரோப்பாவுக்குப் போய் மோதப்போகிறேன் என்றபோது, கூடவே இருந்து பயிற்சி கொடுத்த சலாம் பயில்வான் அடித்துக் கையை முறித்துவிட்டான் என்று குடும்பத்தார் பின்னாளில் சொன்னார்கள். கடைசிக் காலத்தில் பம்பாய்க்கு வெளியே கல்யாண் என்ற ஊரில் பால் விற்று, வீதியோரத்தில் பலகாரம் விற்றுப் பிழைத்திருக்கிறார். பரோடாவும் அட்லாண்டாவும் ஒன்றையொன்று கேள்விப்பட்டிருக்காது. ஆனால் கதை ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கிறது.

மில்ட்ரெட் மட்டும் அத்தோடு முடியவில்லை. அட்லாண்டாவுக்கு மூன்று மாதம் கழித்து, அதே வருடம் நவம்பரில், மே யங் முதலிய வீராங்கனைகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஜப்பானுக்குப் போனார். உள்ளூரில் கதவைச் சாத்தினால் வேறு மலைக்குப் போகவேண்டியதுதானே. அங்கே பெண்கள் மல்யுத்தத்தைப் பார்க்கச் சனம் குவிந்தது. தனக்கென்று ஒரு சங்கத்தையும் பட்டத்தையும் உண்டாக்கினார். 1968இல் ஜப்பானில் பெண்களுக்கென்றே தொடங்கிய நிறுவனம் பிறகு அந்தப் பட்டத்தைத்தான் தன் தலைமைப் பட்டமாக வைத்துக்கொண்டது. 1980களில் சிகுசா நாகாயோவும் லயனஸ் அசுகாவும் மோதும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் அரங்கம் நிறைய இருந்து அழுதார்கள், கத்தினார்கள். அவர்கள் கண் வைத்திருந்த சிவப்புப் பட்டை, அட்லாண்டாவில் ஏட்டில் தோற்ற பெண் விட்டுப்போனது. அமெரிக்காவில் அவரை மறந்துவிட்டார்கள். பெண்கள் மோதலை, ரெஸ்லிமேனியா என்ற வருடாந்தப் பெரிய நிகழ்ச்சியின் கடைசி மோதலாக, அதாவது தலைமை மோதலாக, வைக்க அவர்களுக்கு 2019 வரை ஆனது.

பின்னாளில் கலிபோர்னியாவில் என்சினோ என்ற இடத்தில் பெண்களுக்குப் பயிற்சிக்கூடம் நடத்தினார். 1989 பெப்ரவரி 18ஆம் திகதி, 73 வயதில், பக்கவாதத்தில் இறந்தார். சைனா இருந்த அந்தப் பெரிய நிறுவனம் 2016இல் அவர் பெயரைக் கௌரவப் பட்டியலில் போட்டது. சைனா இறந்ததும் அதே வருடம்.

இதையெல்லாம் அம்மாயிக்குச் சொல்ல முடியவில்லை. அவர் போய்ப் பல வருடமாகிறது. போன மாதம் ஹட்டனிலிருந்து லயத்துக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் சொன்னேன். அம்மாவும் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்துவிட்டு இப்போதுதான் வீட்டில் இருக்கிறார். அடுப்புக்கு முன்னால் பலகையில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டார். கார்னிவல் கதைக்குச் சிரித்தார். உல்ஃப் கதைக்கு "ம்ம்" என்றார். அட்லாண்டா வந்ததும் தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

"அந்தப் பொம்பளைக்கு அப்பறம் முட்டி சரியாயிருச்சா?"

யார் ஜெயித்தது, பட்டம் யாருக்கு என்று கேட்பார் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பிறகும் ஜப்பானுக்குப் போய் மோதினாரே என்றேன்.

"அப்ப சரியாயிருக்காது," என்றார் அம்மா. எண்ணெய்ப் போத்தலை மூடிவிட்டுத் தேத்தண்ணி ஊற்ற எழும்பினார்.